புரியாதது பாடமா, பாடமொழியா?: செஞ்சி வட்டாரத்து மாலை வகுப்புகளை முன்வைத்து

முருகனிடம் 15 மூட்டை நெல் இருக்கிறது, வேலுவிடம் 9 மூட்டை இருக்கிறது. முருகனிடம் எத்தனை மூட்டை கூடுதல்? ஆங்கில வழியில் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்தக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், 24 என்ற விடை வருவது அரிதல்ல. ‘மோர்’ என்ற சொல் கண்ணில் பட்டதுமே பிள்ளை இரண்டு எண்களையும் கூட்டிவிடுகிறது. ஒப்பிட்டுக் கழிக்கும் கணக்கில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே தடுமாறுவார்கள் என்பதைக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில் அதே கணக்கு வரும்போது தடுமாற்றம் இரட்டிப்பாகிறது.

அந்தப் பிள்ளையிடமே புத்தகத்தை மூடிவிட்டு, “உங்க வீட்ல 15 மூட்டை, பெரியப்பா வீட்ல 9 மூட்டை. யாருக்கு அதிகம்? எவ்ளோ அதிகம்?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆறு என்று சொல்லிவிட்டால் கழித்தல் அதற்குத் தெரியும், வழியை அடைத்தது கேள்வி வந்த மொழிதான். அப்போதும் சொல்லவில்லை என்றால் கழித்தலையே மறுபடி தொடங்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வெவ்வேறு. நம் ஊர் டியூஷன்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே மருந்துதான் கிடைக்கிறது: விடையைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்வது.

மாலை நேரத்தில் ஒரு பிள்ளையின் அருகே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு முதல் தகுதி, அந்தப் பிள்ளையின் வீட்டு மொழியை அறிந்திருப்பது. செஞ்சி போன்ற ஊரில் அந்தத் தகுதி ஏராளமானவர்களிடம் இருக்கிறது. ஆனால் அதைக் குறையாக எண்ணி மறைத்துவைக்கிறோம். அதை வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பல மொழிகள் பழகிய நிலம்

செஞ்சிக்கு வடக்கே திருநாதர் குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள பழைய கல்வெட்டு ஒன்று, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவைச் சொல்கிறது. தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்து உருவெடுத்த கட்டத்தைக் காட்டும் சான்றாகக் கல்வெட்டு அறிஞர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். சமணத்தின் மூல நூல்கள் பிராகிருதத்தில் இருந்தன. இந்த நிலத்து மக்களுக்கு அந்த நெறியைச் சொல்ல வந்தவர்கள் தமிழைக் கற்றார்கள், தமிழில் எழுதினார்கள், தங்கள் ஆசிரியரின் நினைவையும் தமிழில்தான் கல்லில் பொறித்தார்கள். கேட்பவரின் மொழிக்குச் சொல்பவர் இறங்கி வந்த மரபு இது. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் உள்ள சமண மடம், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாக இன்றும் விளங்குகிறது.

பிற்காலத்தில் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. நாயக்கர்களுக்குப் பிறகு 1649இல் பீஜப்பூர் சுல்தானியம், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர், அவர்கள் வழியே வந்த புந்தேலர்கள், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று அரசுகள் வந்தன. தெலுங்கு, தக்கனி, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று அதிகாரத்தின் மொழியும் மாறியது. கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் மசூதியில் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. மராத்தியர் கால இராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

அதிகாரத்தின் மொழி எதுவாக இருந்தாலும் நிலவரியும் கொள்முதலும் வழக்கும் நடந்தது இரண்டு மொழிகளில் காலூன்றி நின்றவர்களால். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளெக்ஸுக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது இருமொழி இடையாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களில் பெயர்பெற்றவர். பிரெஞ்சுக்காரர்களோடு நாள் முழுவதும் புழங்கிய அவர், 1736 முதல் கால் நூற்றாண்டு காலம் நாட்குறிப்பு எழுதியது தமிழில். அயல்மொழியை ஆள்வதற்குத் தன் மொழியை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. ஆங்கில வழிப் பிள்ளைகளிடம் நாம் இன்று கேட்பதோ அந்த வெளியேற்றத்தைத்தான், அதுவும் ஆறு வயதில்.

திண்ணையும் மணலும்

பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பிள்ளைக்கு இன்னொருவர் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பல வயதினர். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்குவான், எண்சுவடியை உரக்கச் சொல்ல வைப்பான். வாத்தியார் பெரிய பிள்ளைகளை ஓலைக்கும் எழுத்தாணிக்கும் அழைத்துச் செல்வார். 

சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் புகுத்த நினைத்தார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று கைவிட்டதை அவன் செய்து காட்டினான். இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது.

இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. திண்ணைப் பள்ளிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கவில்லை. இங்கிலாந்துக்குப் போன மெட்ராஸ் முறையும், குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒப்பிக்கவைக்கும் ஏற்பாடாகச் சுருங்கியது. ஆனாலும் அதன் கருவில் இருந்த உண்மை செல்லுபடியாகிறது: சற்று முன்னால் அதே இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தவர், அதே பேச்சில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு எளிதில் ஏறுகிறது.

இந்த உண்மைக்கு நம் காலத்துச் சான்றும் உண்டு, அது செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் தெருவிலேயே, மாலையில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள், பிள்ளைகளுக்கு அவர்கள் ‘அக்கா’. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. பி.எட். பட்டம் இல்லாத, ஆங்கிலம் சரளமாகப் பேசாத பலர் சாதித்தது இது. பிள்ளையின் பேச்சு அவர்களுக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது என்பதை அந்தச் சாதனையின் காரணங்களில் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

பேச்சு வந்துவிட்டது, பாடம் வரவில்லை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்கும் ஆங்கில வழி எட்டியது. நிலக்கடலைக் கொல்லையிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் உழைக்கிற பெற்றோர் தங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று விரும்புவதைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆங்கிலம் தெரியாததால் வேலை நேர்காணலிலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தலைகுனிந்து நின்ற அனுபவம் அவர்களுடையது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட சாதிகளுக்கு ஆங்கிலம் ஒரு விடுதலை வாக்குறுதியாகவும் இருந்துவருகிறது. ஆகவே ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. அந்த வாக்குறுதி நிறைவேற என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

கனடாவில் பணியாற்றிய கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். அன்றாடப் பேச்சுக்கான மொழித்திறன் ஒன்று, பாடம் கற்பதற்கான மொழித்திறன் மற்றொன்று. குடியேறிய நாட்டின் மொழியைப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளில் பேசிவிடுகிறார்கள். வகுப்பில் சக மாணவர்களோடு சமமாக அந்த மொழியில் படித்தெழுத ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சுற்றிலும் அந்த மொழியே ஒலிக்கும் நாட்டில் இந்தக் கணக்கு. தெருவிலும் கடையிலும் கோயில் திருவிழாவிலும் தமிழே கேட்கும் செஞ்சியில் ஒரு பிள்ளைக்கு அதைவிடக் குறைவான காலம் போதும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை. கம்மின்ஸ் இன்னொன்றும் சொன்னார்: தாய்மொழியில் ஊன்றிய கருத்து வீணாவதில்லை, இரண்டாம் மொழி பலப்படும்போது அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறது.

நைஜீரியாவின் இஃபே நகரில் 1970இல் பாப்ஸ் ஃபஃபுன்வா தொடங்கிய ஆறாண்டுத் திட்டம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவுப் பிள்ளைகள் தொடக்கக் கல்வி ஆறு ஆண்டும் யொரூபா மொழியில் படித்தார்கள், ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக நல்ல ஆசிரியரிடம் கற்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இடையிலேயே ஆங்கில வழிக்கு மாறினார்கள். யொரூபாவில் படித்தவர்கள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. பள்ளியின் பயிற்றுமொழியை மாற்றும் அதிகாரம் மாலை வகுப்பு அக்காவுக்கு இல்லை. ஆனால் இஃபே திட்டம் காட்டிய வழியில் ஒரு பகுதியை மாலை ஒன்றரை மணி நேரத்துக்குள் அவரால் கொண்டுவர முடியும்: கருத்தைத் தமிழில் ஊன்றுவது, ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்றுக்கொடுப்பது.

எங்கே தடுக்குகிறது?

இதற்கு, மொழி மாறும்போது பிள்ளை எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று சொல்லிக்கொடுப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

எண்களில் தொடங்கலாம். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று சொல்லும்போதே பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும், பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. இலெவன், ட்வெல்வ் என்பவற்றில் பத்து ஒளிந்துகொள்கிறது. தர்ட்டீனும் தர்ட்டியும் பிள்ளையின் காதில் ஏறக்குறைய ஒன்றே. பெயரிலேயே பத்துகள் தெளிவாகத் தெரியும் சீன மொழிப் பிள்ளைகள் பத்துக்கு மேற்பட்ட எண்களை ஆங்கிலப் பிள்ளைகளைவிட விரைவாக எண்ணப் பழகுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கும் அந்த வசதி உண்டு. தொண்ணூறு, தொள்ளாயிரம் போன்ற சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். இடமதிப்பைத் தமிழ் எண்ணில் ஊன்றிவிட்டு ஆங்கிலப் பெயரை அதன்மேல் ஒட்டினால் நிற்கும்.

அடுத்தது வாக்கியத்தின் வரிசை. 15இலிருந்து 7ஐக் கழி என்று தமிழில் சொன்னால், எழுத வேண்டிய வரிசையிலேயே எண்கள் வருகின்றன. ஆங்கில வாக்கியத்தில் ஏழு முன்னால் வருகிறது, பதினைந்து பின்னால் வருகிறது. வந்த வரிசையில் எழுதும் பிள்ளை 7 – 15 என்று போட்டுவிட்டு விழிக்கிறது. இதற்குக் கணக்கை மறுபடி நடத்திப் பயனில்லை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை முதலில் எழுத வேண்டும் என்று பத்து வாக்கியங்களைத் தமிழில் பேசிப் பழக்கினால் போதும்.

மூன்றாவது தடுக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பிள்ளை ஆங்கிலப் பத்தியைத் திக்காமல் வாசிக்கிறது, பெற்றோர் மகிழ்கிறார்கள். வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னால் வாய் திறப்பதில்லை. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்திருக்கிறது, ஒலியைப் பொருளாக்கத் தெரியவில்லை. ஒளிச்சேர்க்கை பாடத்தை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளையிடம், “கொல்லையில நெழல்ல இருக்கற செடி ஏன் வெளுத்துப் போகுது?” என்று கேட்பதே சரியான சோதனை. பதில் தமிழில் வரட்டும். அந்தப் பதிலிலிருந்து ‘பிகாஸ்’ போட்டு ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பிள்ளையும் அக்காவும் சேர்ந்து கட்டலாம். முதலில் பிள்ளை சொந்தமாக எண்ணியது, பிறகு அந்த எண்ணத்துக்கு அது கற்ற ஆங்கிலம். இந்த வரிசை மாறக் கூடாது.

பிள்ளை பேசாமல் இருப்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புதிய மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் சில காலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு. அதை மந்தம் என்று முத்திரை குத்துவது கொடுமை. கணக்குப் போடும் நேரத்தில் உச்சரிப்பைத் திருத்துவதும் தவறு, அந்த நொடியில் பிள்ளையின் கவனம் முழுவதும் கணக்குக்கு உரியது. தமிழில் பேசியதற்காக அபராதமும் அடியும் இருக்குமிடத்தில் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது, சந்தேகம் கேட்காமல் இருப்பதைத்தான்.

தமிழே அயல்மொழியாகும்போது

இதுவரை சொன்னது தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையைப் பற்றி. தமிழ் வழிப் பள்ளியிலேயே அயலாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் நம் நடுவே இருக்கிறார்கள். நரிக்குறவர் வீடுகளில் பேசப்படும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி, குஜராத்திக்கு நெருக்கமானது. அதற்குத் தமிழோடு உறவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பின் முதல் நாளில் தமிழ், நம் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியோ அப்படித்தான். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2022 இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சான்றிதழ் கைக்கு வருவது பெரிய காரியம். வகுப்பறையில் ஆசிரியர் சொல்வது புரிவதும் அதே அளவுக்குப் பெரிய காரியம்.

விழுப்புரம் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைகளுக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் பல மாதங்கள் இடம்பெயர்கின்றன. பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துபோகிறது. திரும்பி வரும் பிள்ளை விட்ட பாடத்தோடு விட்ட பாடமொழியையும் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் நூல் தமிழ் அவர்கள் வீட்டுத் தமிழிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. கட்டடங்களிலும் சூளைகளிலும் வேலைக்கு வரும் ஒடியா, இந்தி, வங்காளக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னொரு வகை.

இவர்களுக்கு வழிகாட்ட நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஒடிசா அரசு 2007 வாக்கில் சவரா, குயி, சந்தாலி உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கு அழைத்துச் சென்றது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கிய ரோஷ்ணி திட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, பள்ளி தொடங்குவதற்கு முன், அவர்கள் மொழியும் மலையாளமும் அறிந்த தன்னார்வலர்கள் இரு மொழியிலும் மாறி மாறிப் பேசிப் பாடம் சொல்கிறார்கள், காலைச் சிற்றுண்டியும் உண்டு. தாய்மொழியில் சிரித்துப் பேச ஒருவர் கிடைத்ததும் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். வாக்ரிபோலி அறிந்த பட்டதாரி கிடைக்காவிட்டாலும், அந்தக் குடியிருப்பிலேயே எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். ஊதியம் கொடுத்து அவர்களைச் சட்டாம்பிள்ளைகளாக்கலாம். மணலில் எழுதிய காலத்தின் நல்ல பாதியை, அன்று விலக்கி வைக்கப்பட்டவர்களுக்காகவே மீட்பதாக அது அமையும்.

செய்யக் கூடியவை

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்ற வரை பிள்ளையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை என்று பேசுகிறது. இவை நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் சமச்சீர் கல்வி வந்த பிறகு ஆங்கில வழி, தமிழ் வழி இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றே. இரண்டு நூல்களும் ஒரே நிறுவனத்தின் வெளியீடு, கணக்கிலும் அறிவியலிலும் பாடங்கள் ஒன்றுக்கொன்று இணையானவை, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஆங்கில வழிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் அதே வகுப்பின் தமிழ் வழி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், கைடுக்குச் செலவழிக்கும் பணம் மிச்சம், கருத்தும் பிடிபடும். ஆந்திரப் பிரதேசம் 2020-21இல் ஆங்கிலமும் தெலுங்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்குமாறு நூல்களை அச்சிட்டது. நம் பாடநூல் கழகமும் தொடக்க வகுப்புகளுக்காவது இதைச் செய்யலாம்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். நிலையோடு வீட்டு மொழியையும் ஒரு பத்தியில் குறித்து வைத்தால், எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, எந்தப் பிள்ளைக்குக் கேள்வி புரியவில்லை என்று ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரியும். மாலை வகுப்புத் தன்னார்வலருக்கான பயிற்சியில் அரை நாளை, ஒரே கணக்கை இரண்டு மொழியில் கேட்டுத் தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு ஒதுக்கலாம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாததால் பிள்ளையின் படிப்பில் தங்களுக்கு இடமில்லை என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நெல் 75 கிலோ மூட்டை, எட்டு மூட்டைக்கு எத்தனை கிலோ, அறுப்புக் கூலி போக மிச்சம் எவ்வளவு என்று மகளிடம் வாய்க்கணக்காகக் கேட்கும் தகப்பன், அவள் ஆங்கில வழிக் கணக்குக்கு அடித்தளம் போடுகிறார். இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு என்று கேட்கும் தாய்க்குத் தமிழில் விளக்க முடிந்த பாடத்தை அந்தப் பிள்ளை நாளை ஆங்கிலத்திலும் எழுதும். விளக்க முடியாத பாடத்தை எந்த மொழியில் ஒப்பித்தாலும் அது தேர்வு முடிந்த மறுநாள் போய்விடும். ஆங்கிலத்தை நாடி வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் உண்மையாகவே கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அந்தப் பிள்ளையின் தமிழையும் வாக்ரிபோலியையும் ஒடியாவையும் வகுப்பறை வாசலில் செருப்போடு கழற்றிவைக்கச் சொல்லக் கூடாது.